ஆயிரம் பித்தளைச் சாமானுக்கு எந்த ஒட்டு நல்லது?

கதவுக் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தகடு, அதில் ஒரு கொக்கி. இரண்டும் பித்தளை.

ஒரே ஒரு கொக்கி செய்வதானால், தகட்டையும் கொக்கியையும் எப்படி வேண்டுமானாலும் இணைக்கலாம். ஆயிரம் செய்வதானால்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடித்தால், ஆயிரத்துக்கு 16 மணி 40 நிமிடம். இரண்டு நாள் கூலி! சிறு பட்டறைக்காரரின் லாபம் அதிலேயே போய்விடும். செலவு குறையட்டும் என்று உறுதியில்லாத ஒட்டைப் போட்டாலோ, விற்ற சரக்கு திரும்பி வரும்.

ஆகவே முதலில் ஒரு கேள்வி: அந்த ஒட்டு எதைத் தாங்க வேண்டும்?

ஈயப் பற்று

காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று, ஏறக்குறைய 183 டிகிரி சூட்டிலேயே உருகத் தொடங்கும். மின்சாரச் சூட்டுக்கோல் போதும். வேலை சுலபம், செலவும் குறைவு.

சட்டையில் குத்தும் சின்னம், மின்சாரக் கம்பியின் முனை போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் பலமாக இழுத்தால் விட்டுவிடும். அடுப்பருகே வைத்தால் உருகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: காரீயம் நஞ்சு! உண்ணும் பாத்திரம், குடிநீர்க் குழாய், குழந்தை வாயில் வைக்கும் பொம்மை ஆகியவற்றில் அது கூடவே கூடாது. காரீயம் இல்லாத பற்றுக் கம்பிகள் இப்போது கிடைக்கின்றன.

பொடி வைத்து ஊதுவது

வெள்ளி, செம்பு, துத்தநாகம் கலந்தது வெள்ளிப் பற்று. இது சுமார் 700 டிகிரியில் உருகும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே பற்று உருகி ஓடும், பித்தளை உருகாது. அழுக்குப் படலத்தைக் கரைத்து, பற்று பரவ வழி விடுவது வெண்காரம்.

பொற்கொல்லர்கள் பற்றைப் பொடியாக வைத்து, குழலால் ஊதி ஒட்டுவார்கள். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்ற பேச்சு இதிலிருந்து வந்தது என்பார்கள்.

ஆயிரக்கணக்கில் செய்யும்போது ஒவ்வொன்றையும் ஊத வேண்டியதில்லை. பற்றுக் கம்பியை வளையமாக்கி, ஒவ்வொரு ஒட்டிலும் ஒன்று வைத்து, தட்டில் அடுக்கி உலையில் விடுவார்கள். தட்டில் உள்ளவை எல்லாம் ஒரே சமயத்தில் ஒட்டிக்கொள்ளும்!

சூடு மிஞ்சினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். பட்டறையில் காற்றோட்டம் அவசியம். காட்மியம் கலந்த பற்று இன்னும் கொடியது; அதைத் தவிர்க்க வேண்டும்.

நெருப்பே வேண்டாம்!

துளைக்குள் முனையைச் செருகி, பிரஸ்ஸில் ஓர் அடி. முனை பரந்து இறுகிக்கொள்ளும். இதுதான் ரிவிட். நமது கதவுக் கொக்கிக்கு இதுவே ஏற்றது. பற்றும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

கழற்றித் துலக்க வேண்டிய பொருளுக்கு மரை நல்லது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு அப்படித்தான். பகுதி பகுதியாக வார்த்து, மரையால் இணைக்கிறார்கள்.

தானே வெடித்த தோட்டா

ஆனால் பித்தளையை அழுத்தி இறுக்கும்போது ஓர் ஆபத்து உண்டு.

19ஆம் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தனர். மழைக்காலத்தில் அவற்றின் பித்தளைக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன! யாரும் தொடவில்லை.

காரணம் 1921இல் விளக்கப்பட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி, உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையைப் பிளந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. இறுக்கிய சாமானைச் சுமார் 250 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால், உள் இறுக்கம் பெரிதும் தணியும்.

எதற்கு எது?

பளு இல்லையா? ஈயப் பற்று. பளுவும் உண்டு, நீரும் கசியக் கூடாதா? வெள்ளிப் பற்று. கழற்ற வேண்டுமா? மரை. அடித்து இறுக்கினால் போதுமா? ரிவிட்.

எதுவானாலும், ஆயிரத்தைத் தொடங்குமுன் பத்து செய்து பாருங்கள். இழுங்கள், முறுக்குங்கள், நீரில் ஊற வையுங்கள். பத்தும் தாங்கினால் மீதியைத் தொடங்கலாம்.