சுவரில்லாத கோர்ட்டுக்குள் ஒரு எட்டு!

கண்டி தலதா மாளிகைக்கு வந்த கூட்டமெல்லாம் புத்தரின் புனித தந்தத்தைத் தரிசிக்க முண்டியடிக்கிறது. முண்டியடிக்கட்டும்! நாம் சத்தம் போடாமல் வடக்குப் பக்கம் நழுவுவோம். இதோ, மகுல் மடுவ! கண்டி ராஜாக்களின் சபா மண்டபம், ராஜ்ஜியத்தின் பெரிய வழக்குகள் வந்து நின்ற இடம். சுற்றிப் பாருங்கள், சுவரே கிடையாது!

அந்தத் தூண்களைத்தான் பாருங்களேன். அடியில் சதுரம், நடுவில் பட்டை, உச்சியில் இதழ் விரிக்கும் போதிகை. உளி போகாத இடமே இல்லை. மேலே கண்டிக்கே உரிய இரட்டைச் சரிவுக் கூரை. 1783இல் இதைக் கட்டத் தொடங்கியவர் ராஜாதி ராஜசிங்கன். முடித்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இருவரும் நாயக்கர் வம்சம், நமக்குச் சற்றுப் பெருமைதான்!

சரி, சபைக்குள் நுழைய முடியாத ஏழைக்கு நீதி எப்படி? அதற்கும் வழி இருந்தது. அரண்மனைக்குப் பக்கத்து மரத்தில் ஏறி, ராஜாவின் காதில் விழும்வரை கத்துவது! முத்திரைச் செலவில்லை, வக்கீல் பீஸும் இல்லை. தொண்டை மட்டும் பலமாக இருக்க வேண்டும்.

1815 மார்ச் 2. பிரிட்டிஷ் ஆளுநர் பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் இங்கேதான் உடன்படிக்கைக்காகக் கூடினார்கள். நாயக்க ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நீக்கிய அந்த உடன்படிக்கையில் சில பிரதானிகள் கையெழுத்திட்டது தமிழ் எழுத்தில்! பிடிபட்ட ராஜா வேலூருக்குப் போனார். 1832இல் அங்கேயே காலமானார்.

பிறகு? துரைமார் இதையே கோர்ட்டாக்கிவிட்டார்கள். ராஜா இருந்த மண்டபத்தில் வெள்ளைக்கார நீதிபதி! கொழும்பிலிருந்து வந்தவர் வழக்கை விசாரிக்கிறார், பக்கத்து மாளிகையில் காலைப் பூசைக்கு மேளம் முழங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொன்னது எவர் காதில் ஏறியிருக்கும்? எழுதுவினைஞர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொரு சங்கதி: முதலில் 58 அடி நீளமே இருந்த மண்டபத்தை ஆங்கிலேயர் காலத்தில் இன்னும் சுமார் 30 அடி நீட்டினார்கள். ஆகவே நீங்கள் பார்ப்பது முழுக்க ராஜாவின் கட்டடமல்ல. எங்கே ராஜா முடிகிறார், எங்கே துரை தொடங்குகிறார் என்று தூண் தூணாகத் தேடிப் பாருங்கள். அவசரப்படாதீர்கள், தந்தத்தைப் பார்க்கும் வரிசை எப்படியும் குறையப் போவதில்லை.