இ.எஸ்.ஆர். ஏறினால் வியாதியா? ரத்தப் பரிசோதனை எண் சொல்வது என்ன?

லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலருடைய கண் நேராகப் போவது, தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணுக்குத்தான்.

இ.எஸ்.ஆர். 48! அவ்வளவுதான், வயிற்றைக் கலக்குகிறது. “ஐயோ, டி.பி.யா இருக்குமோ? கேன்சரா இருக்குமோ?” என்று ராத்தூக்கம் போய்விடுகிறது.

இன்னும் சிலர் டாக்டரிடம் போகாமல் நேரே மருந்துக்கடைக்குப் போகிறார்கள். “இது குறையிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க” என்று கேட்கிறார்கள்.

இரண்டுமே தப்பு. அந்த எண் வியாதியின் பெயர் அல்ல. அது புகை மாதிரி. எங்கேயோ நெருப்பு இருக்கலாம் என்று சொல்லும். எரிவது அடுப்பா, கூரையா என்று சொல்லாது.

காசு அடுக்கியது போல...

இ.எஸ்.ஆர். பரிசோதனை மிகவும் எளியது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைக்கிறார்கள். சிவப்பு அணுக்கள் மெல்ல அடியில் இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்கியதோ, அதுதான் இ.எஸ்.ஆர்.

கிருமி புகுந்தாலும், மூட்டு வீங்கினாலும், உள்ளே புண் இருந்தாலும் உடம்பு அதை எதிர்த்துக் கொதிக்கிறது. இதற்கு ‘அழற்சி’ என்று பெயர். அப்போது ரத்தத்தில் ‘ஃபைப்ரினோஜன்’ என்ற புரதம் கூடும். சிவப்பு அணுக்கள் காசு அடுக்கியது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். எண் ஏறும்.

1918-ல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஃபோரேயஸ், கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்று ஆராய்ந்தார். கர்ப்பிணிகளுக்கும் இந்த எண் ஏறும் என்பதே காரணம்! 1921-ல் அதே நாட்டு வெஸ்டர்கிரன் அளவெடுக்கும் முறையை வகுத்தார். இன்றும் லேப் ரிப்போர்ட்டுகளில் அவர் பெயரைப் பார்க்கலாம்.

ரத்தசோகை இருந்தாலும் எண் ஏறும். வயது கூடினாலும் ஏறும். டாக்டர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆண்களுக்கு வயதில் பாதி. பெண்களுக்கு வயதோடு 10-ஐக் கூட்டி, அதில் பாதி. அதாவது 60 வயது ஆணுக்கு 30 வரையும், பெண்ணுக்கு 35 வரையும் இருக்கலாம்.

அதற்காக அலட்சியமும் கூடாது. 100-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பின்னால் பெரிய காரணம் இருக்கும். எண் சரியாகவே இருந்தாலும், விடாத காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் சும்மா இருந்துவிடக் கூடாது.

முந்திச் சொல்லும் சி.ஆர்.பி.

2020, 2021 கொரோனா நாட்களில் ஊரெங்கும் அடிபட்ட பெயர் சி.ஆர்.பி. இது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள்.

உடம்பில் கோளாறு தொடங்கிய சில மணி நேரத்திலேயே இது ஏறத் தொடங்கும். சுமார் 2 நாளில் உச்சிக்குப் போகும். காரணம் நீங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இ.எஸ்.ஆர். இறங்கவோ வாரக்கணக்கில் ஆகும். “மருந்து வேலை செய்கிறதா?” என்று பார்க்க டாக்டர்கள் சி.ஆர்.பி.யை மறுபடி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. ஒரு லேபில் 1.2 என்றிருக்கும். இன்னொரு லேபில் 12 என்றிருக்கும். “ஒரே நாள்ல பத்து மடங்கா?” என்று பதற வேண்டாம். முதல் லேப் டெசிலிட்டர் கணக்கில் கொடுத்திருக்கலாம். அடுத்தது லிட்டர் கணக்கு. இரண்டும் ஒன்றேதான்! எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அளவையும் படிக்க வேண்டும்.

கோடிங் புத்தகமும் அதையே சொல்கிறது

புகை வேறு, நெருப்பு வேறு என்பது ஆஸ்பத்திரி கணக்கிலும் உண்டு. ஒவ்வொரு வியாதிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலில் ஒரு குறியீடு இருக்கிறது. சென்னையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கேஸ் தாள்களைப் படித்து, இந்தக் குறியீடுகளைப் போட்டுக்கொடுத்துப் பிழைக்கிறார்கள். இதுதான் ‘மெடிக்கல் கோடிங்’.

அதில் இ.எஸ்.ஆர். உயர்வுக்கு ‘ஆர் 70.0’. அமெரிக்கப் பதிப்பில் சி.ஆர்.பி. உயர்வுக்கு ‘ஆர் 79.82’. இந்த ‘ஆர்’ வரிசை முழுவதும் அறிகுறிகளுக்கும் பரிசோதனை முடிவுகளுக்கும் உரியது. வியாதிகளுக்கு வேறு எழுத்துகள்.

வெளிநோயாளிக்கு “முடக்குவாதமாக இருக்கலாம்” என்று டாக்டர் எழுதினால், கோடர் முடக்குவாதக் குறியீட்டைப் போடக் கூடாது. அமெரிக்க விதி அப்படி. அறிகுறியைத்தான் குறிக்க வேண்டும். வியாதி உறுதியான பிறகுதான் அதன் குறியீடு. லேப் எண்ணைப் பார்த்து கோடர் தானாக முடிவுகட்டவும் கூடாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? சந்தேகத்தை வியாதியாக எழுதிவிட்டால், இல்லாத நோய் ஆளின் பெயரில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஆஸ்பத்திரிகள் இன்சூரன்சுக்கு அனுப்பும் படிவத்திலும் ஐ.சி.டி. குறியீட்டுக்கு இடம் இருக்கிறது. பிறகு ஒருநாள், “உங்களுக்கு இது முன்னாடியே இருந்ததே?” என்ற கேள்வி கிளம்பினால் பதில் சொல்லி மாளாது.

கேட்க வேண்டிய கேள்வி

டிஸ்சார்ஜ் தாளை மடித்துப் பையில் வைக்கும் முன், நோயின் பெயர் எழுதிய வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். “இது உறுதியானதா, சந்தேகமா?” என்று டாக்டரிடமே கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

எண்ணைக் குறைக்க மட்டும் மாத்திரை தேடக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை எண்ணை இறக்கிவிடும். உள்ளே இருக்கும் வியாதியை மறைத்தும் விடும். புகையை விசிறி விரட்டினால் நெருப்பு அணையாது!