பழைய ஜிப்சி, புதிய உரிமையாளர்: முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை

மாருதி நிறுவனம் 1985 டிசம்பரில் ஜிப்சியை அறிமுகப்படுத்தியபோது, கரடுமுரடான பாதைக்குரிய வண்டி என்றால் இந்தியர்களின் நினைவுக்கு வந்தது டீசல் ஜீப் மட்டுமே. ஜப்பானின் சுஸுகி எஸ்.ஜே. 410 வண்டியை அடிப்படையாகக் கொண்டு, 970 சி.சி. பெட்ரோல் இன்ஜினுடன் வந்த இந்தச் சிறிய வண்டி விரைவிலேயே ராணுவம், காவல்துறை, வனத்துறை, கார்ப் பந்தயக்காரர்கள் ஆகிய நான்கு தரப்பினரின் நம்பிக்கையையும் பெற்றது. 1996-இல் 1,300 சி.சி. இன்ஜினும் ஐந்து கியர்களும் கொண்ட ஜிப்சி கிங் வந்தது. 2000-இல் கார்புரேட்டர் நீங்கி, எரிபொருளைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது. புதிய பாதுகாப்பு, மாசு விதிகள் நெருங்கிய நிலையில் 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நிறுத்தப்பட்டது.

ஆகவே இன்று ஜிப்சி வாங்குவோர் அனைவரும் பழைய ஜிப்சியைத்தான் வாங்குகின்றனர். ஓர் இளைஞரின் நெடுநாள் கனவாக இருக்கலாம். மலைத்தோட்டம் வைத்திருப்பவரின் அன்றாடத் தேவையாகவும் இருக்கலாம். எதுவாயினும், விற்பவரிடம் கொடுக்கும் தொகை வண்டியின் விலையில் ஒரு பகுதிதான். எஞ்சிய பகுதியை அடுத்த ஓராண்டில் நாம் சிறுகச் சிறுகச் செலுத்துவோம். அதை முறையாகத் திட்டமிட்டுச் செலுத்துவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே கூறப்படுவனவற்றுள் பெரும்பாலானவை பழைய மஹிந்திரா ஜீப்புகளுக்கும் பிற நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கும் பொருந்தும்.

பத்திரம் முதலில், பணிமனை பிறகு

வண்டி நம் வாசலில் நிற்பதால் மட்டும் அது நமதாகிவிடாது. பதிவுச் சான்றில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். கைமாறிக் கைமாறிச் சென்றும் பெயர் மாற்றப்படாத ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. எனவே பெயர் மாற்றம் என்பது வாங்குபவருக்கு எவ்வளவு தேவையோ, விற்பவருக்கும் அவ்வளவு தேவை.

ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 வழியாகவும், வாங்குபவர் 30 நாட்களுக்குள் படிவம் 30 வழியாகவும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநில வண்டியாயின், அம்மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்று அவசியம். அது கைக்கு வரும் முன் முழுத் தொகையையும் கொடுத்துவிடலாகாது.

பதிவுச் சான்றில் ஏதேனும் வங்கியின் கடன் பதிவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடன் என்றோ தீர்ந்திருக்கும். ஆனால் பதிவை நீக்காமல் விட்டிருப்பார்கள். படிவம் 35-உம் கடன் கொடுத்த வங்கியின் கடிதமும் பெற்று அதை நீக்கும் பொறுப்பை விற்பவரிடமே விட்டுவிடுவது நல்லது. ராணுவம் கழித்து ஏலத்தில் விற்ற வண்டி எனில், ஏல ஆவணங்கள் மூலப் பிரதியாக உள்ளனவா, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பதை நம் கண்ணாலேயே பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தொகையை வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்துங்கள். நாளை ஏதேனும் சிக்கல் எழுந்தால் அந்தப் பதிவே நமக்குச் சாட்சி.

சொந்த வண்டிக்கான முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் அது 10,000 ரூபாயாக ஆக்கப்பட்டது. பல மாநிலங்களில் பசுமை வரியும் உண்டு. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கான கட்டுப்பாடுகள் தனியானவை. நீதிமன்ற ஆணைகளால் அவ்வப்போது மாறுபவை. அங்கு வசிப்போர் அன்றைய நிலையைக் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

காப்பீட்டில் ஒரு நுட்பம்

வண்டி கைமாறும்போது மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி வாங்குபவருக்கு மாறியதாகக் கருதப்படும். நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான காப்பீடு அவ்வாறு தானாக மாறுவதில்லை. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். விற்பவர் ஈட்டிய கோரலில்லாச் சலுகை அவருடனேயே சென்றுவிடும். அது வண்டியோடு வருவதில்லை. ஐந்து ஆண்டு கடந்த வண்டிகளின் காப்பீட்டு மதிப்பு, இரு தரப்பும் பேசி முடிவுசெய்வது. பழுதுபார்த்த ரசீதுகளும் தெளிவான புகைப்படங்களும் அந்தப் பேச்சில் நமக்குத் துணை நிற்கும்.

முதல் வாரம்: எண்ணெய்களின் சாட்சியம்

‘எல்லாம் இப்போதுதான் மாற்றினோம்’ என்ற விற்பவரின் சொல்லை மறுக்கவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். இன்ஜின், கியர்பாக்ஸ், நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசையைப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், பணிமனைகளில் ‘கிரவுன்’ எனப்படும் முன், பின் டிஃபரன்ஷியல்கள் ஆகிய ஐந்திலும் உள்ள எண்ணெயை இறக்கிப் புதிதாக ஊற்றுங்கள். பிரேக் எண்ணெயும் ரேடியேட்டர் குளிர்விப்பானும் இதே பட்டியலில் அடங்கும்.

இறங்கும் எண்ணெய் வண்டியின் வரலாற்றைச் சொல்லும். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. அது டிஃபரன்ஷியலில் இருந்து வந்தால் வண்டி ஆற்றைக் கடந்திருக்கிறது என்று பொருள். இன்ஜினில் இருந்து வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். மெல்லிய சாம்பல் பசை இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் உலோகச் சில்லுகள் பல்சக்கரம் உடைவதன் அறிகுறி. இந்த ஒரு நாள் வேலையைச் செய்து, ஓடிய தூரத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டால், அன்றிலிருந்து வண்டியின் கணக்கு நம் கையில்.

பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களையும் கேஸ்கெட்களையும் இதே வாரத்தில் மாற்றிவிடுவது நல்லது. இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. கார்புரேட்டர் காலத்து ரப்பர் பாகங்கள் அதற்கென உருவானவை அல்ல. சூடான இன்ஜின் மீது பெட்ரோல் கசிவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

படுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்

ஜிப்சியின் உடல் ஏணி வடிவச் சட்டத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. மேல்தகட்டில் துரு என்றால் தகட்டை வெட்டி ஒட்டலாம். சட்டத்தில் துரு என்றால் வண்டியே கேள்விக்குறி. சட்டம் நெடுகச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி நன்று. மந்தமான ஒலி எழும் இடத்தில் புதுப் பெயிண்ட் பூசியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. கடலோர ஊர் வண்டிகளை இருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியே தொங்குகிறது. அதனால் இரண்டையும் இணைக்கும் குட்டை ஷாஃப்ட் ஒன்று, முன்னும் பின்னும் ஒவ்வொன்று என மூன்று ஷாஃப்ட்கள் உள்ளன. ஒவ்வொன்றின் கிராஸ் இணைப்புக்கும் முறையாகக் கிரீஸ் ஏற்ற வேண்டும். கிளம்பும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

முன்சக்கரத்தின் உட்புறம் உருண்டையான பாகத்தில் எண்ணெயும் கிரீஸும் குழம்பி வழிந்தால் சீல் போய்விட்டது. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் வெடவெடவென நடுங்கினால், கிங் பின் பேரிங், டை ராட் முனைகள், பட்டை ஸ்பிரிங் புஷ்கள் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். வீல் பேலன்ஸ் மட்டும் செய்து நடுக்கத்தை மறைப்பது தீர்வாகாது.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2216 என்றால் 2016-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரம் செய்யப்பட்டது. பட்டன் ஆழமாக இருந்தாலும், முதுமையால் வெடிப்பு விட்ட டயர் நெடுஞ்சாலைக்கு ஆகாது.

நான்கு சக்கர இயக்கம்: எங்கே, எப்போது

வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வேறுபாட்டைச் சமன்செய்யும் நடு டிஃபரன்ஷியல் ஜிப்சியில் இல்லை. மண்ணிலும் மணலிலும் சக்கரம் சற்றே வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. முறுக்கம் பல்சக்கரங்களில் சேர்ந்து ஏதேனும் ஒன்றை உடைக்கும். ஆகவே நான்கு சக்கர இயக்கம் மண்பாதைக்கு மட்டுமே. அதற்காக அதை மறந்தும் விடலாகாது. மாதம் ஒருமுறை மண்பாதையில் சில கிலோமீட்டர் ஓட்டினால் எண்ணெய் எல்லாப் பாகங்களிலும் பரவி, லீவர் இறுகாமல் இருக்கும்.

செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல், தாழ் வரிசை முதல் கியரில் இன்ஜினின் தடையாலேயே இறங்குங்கள். நீரோடையைக் கடக்குமுன் இறங்கி நடந்து ஆழம் பாருங்கள். நடக்க இயலாத வேகத்தில் நீர் ஓடினால் வண்டியும் போகலாகாது. கரையேறியதும் பிரேக்கை மெல்ல அழுத்தி உலரவிட வேண்டும். சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும்போது, கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கலாகாது. அறுந்த கயிறு உயிரைப் பறிக்கும். தனி வண்டியாகக் காட்டுப் பாதைக்குச் செல்லாதிருப்பது எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு.

அலங்காரத்துக்கு முன் ஆட்கள்

புதிய உரிமையாளரின் முதல் ஆசை பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன்புறக் கம்பித் தடுப்பு. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை வலியுறுத்தியது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. விபத்தின்போது காப்பீட்டு நிறுவனமும் இதையே கேள்வியாக எழுப்பக்கூடும். உயர்த்திய வண்டி எளிதில் கவிழும் என்பது சட்டத்துக்கும் அப்பாற்பட்ட உண்மை.

அந்தப் பணத்தை மூன்று இடங்களில் செலவிடலாம்: பிரேக், டயர், இருக்கைப் பட்டை. இது காற்றுப்பைகள் இல்லாத தலைமுறை வண்டி. பின்புறம் எதிரெதிராக அமரும் பலகை இருக்கைகள் பலவற்றில் பட்டையே கிடையாது. குழந்தைகள் அங்கே அமரத்தான் அடம்பிடிப்பார்கள். நெடுஞ்சாலையில் அவர்களை அங்கே அமர்த்துவதில்லை என்ற முடிவை வண்டி வாங்கும் நாளிலேயே குடும்பமாக எடுத்துவிடுங்கள்.

கணக்கை மூடும் முன்

வண்டியின் வயது கூடக் கூட வங்கிக் கடன் கிடைப்பது அரிதாகும்; கிடைத்தாலும் தவணைக் காலம் குறுகும். ஆகவே கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, பழுதுக்குக் கடனட்டையை நாடும் நிலை பலருக்கு ஏற்படுகிறது. விலை பேசும்போதே ஒரு தொகையைப் பிரித்து, பழுதுக்கென்றே தனிக் கணக்கில் வையுங்கள். மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பாக அதில் சேருங்கள். அந்தத் தொகை நம்மிடம் இல்லையெனில், நாம் வாங்கக்கூடிய வண்டி இன்னும் சற்று விலை குறைந்த ஒன்று என்றே பொருள்.

வேலைகளை மூன்றாகப் பிரித்து நோட்டில் எழுதுங்கள்: நிற்பதற்கும் திரும்புவதற்கும் உரியவை முதலில், ஓடுவதற்கு உரியவை அடுத்து, அழகுக்கு உரியவை கடைசியில். வரிசை மாறாமல் ஓராண்டு சென்றால், கையில் இருப்பது எத்தகைய வண்டி என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். வைத்துக்கொள்வதா, விற்பதா என்று அப்போது முடிவு செய்யலாம். விற்பதானாலும், அந்த நோட்டும் ரசீதுக் கட்டும் அடுத்த உரிமையாளருக்கு நாம் தரும் நேர்மையான சான்றாக இருக்கும்.