உங்களுக்குத் தெரியுமா? சமர்த்துப் பெண்ணும் ஆட்டிசமும்

● ஆட்டிசம் பற்றி மருத்துவர் லியோ கேனர் 1943இல் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள். அவர்களில் பெண்கள் 3 பேர்தான். மறு ஆண்டு மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வருமே சிறுவர்கள். ‘அது பையன்களுக்கு வருவது’ என்ற எண்ணம் அப்படித்தான் வேர்விட்டது.

● நான்கு பையன்களுக்கு ஒரு பெண் என்பது பழைய கணக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பார்த்தபோது, அது மூன்றுக்கு ஒன்று என்ற அளவை நெருங்கியது.

● ஆட்டிசம் உள்ள பெண் குழந்தைகள் பலர் தோழிகளின் பேச்சையும் சிரிப்பையும் பார்த்துப் பழகித் தங்கள் தடுமாற்றத்தை மறைத்துவிடுகிறார்கள். பள்ளியில் ‘ரொம்ப சமர்த்து’. வீட்டு வாசலை மிதித்ததும் அழுகை, ஆத்திரம்.

● பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, பேசிய சொற்கள் மறைவது: இவை இருந்தால் ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று காத்திருக்க வேண்டாம்.

● 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான ‘எம்-சாட்’ என்பது பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள். அது முதல்கட்ட வடிகட்டல்தான். முடிவு சொல்வது நிபுணரின் நேரடி மதிப்பீடு.

● தமிழ்நாட்டில் இந்த மதிப்பீட்டுக்கு மாவட்ட இடையீட்டு சேவை மையத்தை அணுகலாம். ஆட்டிசம் இல்லை என்றாலும், குழந்தையின் சிரமத்துக்கு வேறு காரணம் உண்டா என்பது தெரியவரும்.