பழைய ஃபிரிட்ஜ், ஒரு கன்ட்ரோலர்... அக்னி நட்சத்திரத்திலும் மாவை அளவோடு புளிக்க வைப்பது எப்படி?

அக்னி நட்சத்திர நேரத்தில் கடலூரில் ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு, விடிவதற்குள் பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழிந்துவிடும். மத்தியானத்துக்குள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதே மாவு, சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் மார்கழிக் குளிரில் காலை வரைக்கும் பொங்காமல் கல்லு மாதிரி கிடக்கும். வீட்டில் ஒருநாள் தோசையோடு போய்விடும். ஆனால், மாவு அரைத்து விற்கிற சிறு கடைக்காரருக்கு இது அன்றைய முதலே போன கதை.

இதற்கு ஒரு எளிய தீர்வு உண்டு: பழைய ஃபிரிட்ஜும் ஒரு வெளிப்புற டெம்பரேச்சர் கன்ட்ரோலரும்.

மாவுக்குள் என்ன நடக்கிறது?

உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. அவை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு மாவை உப்ப வைக்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. சுமார் 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் 8 - 12 மணி நேரத்தில் இரண்டும் சரியான பதத்துக்கு வரும். சூடு ஏறினால் புளிப்பு முந்திக்கொள்ளும். குறைந்தால் எல்லாமே மந்தமாகிவிடும்.

ஃபிரிட்ஜ் மட்டும் போதாதா?

போதாது. வீட்டு ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட், உணவைக் கெடாமல் வைக்கும் சில டிகிரி குளிருக்காகவே அமைக்கப்பட்டது. குமிழை எவ்வளவு திருப்பினாலும் 28 டிகிரியில் நிற்காது. அந்தக் குளிரில் மாவு புளிக்கவே புளிக்காது.

இங்கேதான் கன்ட்ரோலர் வருகிறது. சுவர் பிளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இதை மாட்ட வேண்டும். இதன் சென்சார் வெப்பநிலையைப் பார்த்து, ஃபிரிட்ஜுக்குப் போகும் கரண்ட்டைக் கொடுக்கும், நிறுத்தும். இலக்கு 28, வித்தியாசம் 2 என்று வைத்தால், 30 டிகிரியில் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்; 28-ல் நிற்கும். எஸ்டிசி-1000 போன்ற மாடல்களில் சூடாக்கவும் தனி இணைப்பு இருப்பதால், மார்கழியில் ஒரு சிறிய ஹீட்டிங் மேட்டையும் இதிலேயே இணைக்கலாம்.

மாவு பதத்துக்கு வந்ததும் இலக்கை 4 டிகிரிக்கு மாற்றினால், அதே பெட்டி சாதாரண ஃபிரிட்ஜ் ஆகிவிடும். புளிப்பு கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும். ஆனால், ஒரே பெரிய பாத்திரத்தில் மாவு இருந்தால் நடுப்பகுதி குளிரப் பல மணி நேரம் ஆகும். சின்னச் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து வைப்பதே நல்லது.

எங்கே தப்பு நடக்கும்?

* சென்சாரைக் காற்றில் தொங்க விடக் கூடாது. பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஒட்டி, மேலே ஒரு தெர்மாகோல் துண்டை வைத்துக் கட்ட வேண்டும். அளக்க வேண்டியது மாவின் சூட்டை. காற்றின் சூட்டை அல்ல.

* ஃபிரிட்ஜின் சொந்தக் குமிழ் அதிகக் குளிரில் இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டு தெர்மோஸ்டாட்டும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும்.

* கம்ப்ரசர் நின்ற உடனே மறுபடி ஓடக் கூடாது. உள்ளே வாயு அழுத்தம் சமமாக நேரம் வேண்டும். கன்ட்ரோலரில் தாமத நேரத்தைக் குறைந்தது 3 நிமிடமாவது வைக்க வேண்டும்.

* பழைய சிங்கிள் டோர் மாடல்தான் இதற்குத் தோது. இன்வெர்ட்டர், ஃபிராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் கரண்ட்டை அடிக்கடி வெட்டினால் அவற்றின் எலெக்ட்ரானிக்ஸும் டிஃப்ராஸ்ட் நேரமும் குழம்பும்.

* எஸ்டிசி-1000 மலிவு. ஆனால், வயரை நேரடியாக இணைக்க வேண்டிய வகை. எலெக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். பிளக்கோடு வரும் ரெடிமேட் வகை பாதுகாப்பானது. கடலோர ஈரக்காற்றில் எர்த் இணைப்பு கட்டாயம்.

* மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது. வாயு வெளியேற வழி வேண்டும்.

கரண்ட் போனால்? கதவைத் திறக்காதீர்கள். ஃபிரிட்ஜ் அப்போதும் ஒரு நல்ல வெப்பத் தடுப்புப் பெட்டி. ஆனால், 2011 டிசம்பரில் கடலூரைப் புரட்டிப்போட்ட தானே புயல் போல நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத நிலையில் இந்த வித்தை உதவாது.

பீர், ஒயினுக்கும் இதே செட்டப்தானே?

ஆமாம். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் பிரபலமாக்கிய முறை இது. ஏல் வகைக்கு 18 - 22 டிகிரி, லாகருக்கு அதைவிடக் குளிர் தேவை. கார்ல் வான் லிண்டே 1870-களில் தன் குளிர்பதன இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்ததே மியூனிக் நகரின் ஸ்பாட்டன் பீர் ஆலையில்தான்.

ஆனால், தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்த உபயோகத்துக்குத்தான் என்ற சமாதானம் செல்லாது. கடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி இருக்கிறதே என்றால், அங்கேயும் தயாரிக்க உரிமம் வேண்டும். ஆகவே, ஃபிரிட்ஜுக்குள் போவது இட்லி மாவாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை.

முதல் முறை முயல்பவர்கள், பாதி மாவை வழக்கம்போல் வெளியிலும் மீதியைக் கன்ட்ரோலர் ஃபிரிட்ஜிலும் வைத்துப் பார்க்கலாம். காலையில் இரண்டிலும் ஒரு ஈடு இட்லி ஊற்றினால் போதும், வித்தியாசம் நாக்கிலேயே தெரிந்துவிடும்.