இலங்கையில் திருச்சபைகளும் அரசும்: நமக்கான பாடம்

உத்தமபாளையத்தில் முஸ்லிம்கள் நிறுவிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956 முதல் இயங்கி வருகிறது. பெரியகுளத்தில் வாழும் நமக்கு இது சாதாரண விஷயம். சிறுபான்மையினர் கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை நம் அரசியல் சாசனத்தின் 30வது பிரிவு தருகிறது. அப்படியொரு பிரிவு இல்லாத நாட்டில் என்ன நடக்கும்? இலங்கையின் கிறிஸ்தவர்கள் அதை அனுபவித்துப் பார்த்தார்கள்.

அந்தத் தீவுக்குக் கத்தோலிக்கம் போர்ச்சுகீசியரோடு வந்தது. அவர்கள் முஸ்லிம்களைத் துன்புறுத்தினார்கள். 1626ல் விரட்டப்பட்ட முஸ்லிம்களை கண்டி மன்னர் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். பின்னர் வந்த டச்சுக்காரர்கள் புராட்டஸ்டன்டுகள். கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். அப்போது கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் பாதிரியாருக்கும் கண்டி அரசுதான் புகலிடமானது. முஸ்லிம்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் அடைக்கலம் தந்தவர்கள் பௌத்த மன்னர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மிஷன் பள்ளிகள் அரசு உதவியோடு வளர்ந்தன. ஆங்கிலக் கல்வியும் அரசு வேலையும் அவற்றின் வழியே கிடைத்ததால், தங்கள் நாட்டிலேயே தாங்கள் பின்தங்கிவிட்டோம் என்ற மனக்குறை பௌத்தர்களிடம் சேர்ந்துகொண்டே வந்தது. அந்தக் குறை நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது.

1960ல் சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானதும், உதவி பெறும் பள்ளிகளை அரசே ஏற்கும் சட்டம் வந்தது. முஸ்லிம்களும் இந்துக்களும் பௌத்தர்களும் நடத்திய பள்ளிகளும் இதில் அடங்கின. ஆனால் அதிகம் இழந்தவை திருச்சபைகள். கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள்ளேயே தங்கிப் போராடினார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேசியஸ் சென்று சமரசம் பேசிய பிறகே போராட்டம் ஓய்ந்தது. ஒருசில பள்ளிகள் மட்டும் அரசு உதவியைத் துறந்து தனியாக நின்றன.

1972 அரசியல் சாசனம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1978 சாசனத்தின் 9வது பிரிவிலும் அது தொடர்கிறது. மதச் சுதந்திரமும் வழிபாட்டு உரிமையும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் மதத்தைப் 'பரப்பும்' உரிமை சாசனத்தில் இல்லை என்று 2003ல் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்று தொடர்பான மசோதாவில் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் நாட்டின் 25வது பிரிவில் அந்தச் சொல் இருக்கிறது. ஒரு சொல் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது!

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் என்பது நமக்குத் தலைகுனிவு. அந்தத் துயரத்திலும் கர்தினால் மல்கம் ரஞ்சித், முஸ்லிம்கள் மீது கை வைக்காதீர்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். முன்னெச்சரிக்கை வந்தும் ஏன் தடுக்கவில்லை என்று அரசிடம் விடாமல் கேட்டார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆட்சியின் நெருக்கத்தில் கிடைத்த சலுகை, ஆட்சி மாறியபோது நிலைக்கவில்லை. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையும், அடுத்த சமூகத்துக்கும் நியாயம் கேட்கும் மனமும்தான் நிலைக்கும். நம் 30வது பிரிவை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். அண்டை வீட்டுக் கிறிஸ்தவச் சகோதரருக்கும் அது உரியது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.