நோயுற்ற குழந்தைக்கு விளையாட்டும் ஒரு மருந்தே
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"அழுதால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று குழந்தையை மிரட்டாத வீடு நம் ஊரில் உண்டா? பூச்சாண்டிக்கு அடுத்தபடியாக நாம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் பயங்கர மனிதர் மருத்துவர்தாம். பின்னர் உண்மையாகவே நோய் வந்து, அதே குழந்தையை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தும்போது மட்டும் "பயப்படாதே" என்கிறோம். எப்படிப் பயப்படாமல் இருக்கும்?

நான்கைந்து வயதுக் குழந்தைக்குக் கிருமி என்றால் என்னவென்று தெரியாது. சொன்ன பேச்சைக் கேட்காததற்குத் தண்டனையாகவே காய்ச்சலும் ஊசியும் வந்தன என்று அது எண்ணிக்கொள்வதுண்டு. அச்சம் மனத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. நாம் வகுப்பில் படித்ததுதான்: அஞ்சும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் விறைக்கின்றன, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அத்தகைய பிஞ்சுக் கையில் நரம்பு கிடைப்பது அரிது. ஒரு முறை குத்த வேண்டிய இடத்தில் இரு முறை குத்த நேர்ந்தால் அச்சம் மேலும் ஏறும்.

மருத்துவமனையில் தனித்து விடப்படும் குழந்தை எவ்வளவு துயருறுகிறது என்பதை 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு திரைப்படமாகவே காட்டினார். இரண்டரை வயதும் நிரம்பாத சிறுமி, எட்டு நாள் மருத்துவமனை வாசம். அவளுக்கு ஆறுதலாக இருந்தவை ஒரு கரடிப் பொம்மையும் ஒரு துணிப் போர்வையும். 1955-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை, விளையாட்டையும் கல்வியையும் சிகிச்சையோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். இன்று மேலை நாடுகளின் பல குழந்தைகள் மருத்துவமனைகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற பணியாளர்களே இருக்கின்றனர்.

விளையாட்டு அப்படி என்னதான் செய்கிறது? மருத்துவர் தொண்டையைச் சோதித்தாலோ அறுவை செய்தாலோ, அதுவே குழந்தையின் அடுத்த விளையாட்டாகும் என்று உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டு 1920-இலேயே எழுதினார். கட்டிலில் குழந்தை பிறர் செய்வதைத் தாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. விளையாட்டிலோ, செய்பவரே அதுதான்! ஊசி அதன் கையில் இருக்கிறது.

சென்ற ஆண்டு என் அக்காள் மகன், ஐந்து வயதுச் சிறுவன், டெங்குக் காய்ச்சலால் ஒரு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நானே முதல்; சீட்டுகளைப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் என் அம்மாவுடன் நானும் துணைக்கு இருந்தேன். தட்டணுக்களின் எண்ணிக்கையை அறிய நாள்தோறும் காலையில் இரத்தம் எடுப்பார்கள். வெள்ளைச் சட்டையைக் கண்டாலே அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். இரண்டு பேர் பிடித்து அமுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் ஒரு செவிலியர், ஊசி பொருத்தாத புதிய சிரிஞ்சு ஒன்றை அவனிடம் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா பழஞ்சேலைத் துணியைச் சுருட்டி, நூலால் கட்டி, ஒரு பொம்மை செய்து தந்தார். அவன் அதைக் குத்திய குத்து கொஞ்சமல்ல. "அழுதே, இன்னொரு ஊசி போட்டுருவேன்!" என்று அதட்டல் வேறு. அது நாங்கள் வீட்டில் சொல்லும் அதே வாக்கியம்! அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்த பாட்டி, "ஆஸ்பத்திரியில இதென்ன அபசகுனமான விளையாட்டு?" என்று கடிந்துகொண்டார். "விளையாடட்டும் விடுங்கம்மா" என்றார் அம்மா.

மாலைக்குள் விளையாட்டு மாறிவிட்டது. பொம்மைக்குக் கட்டுப் போட்டான். பிறகு அம்மாவே நோயாளி ஆனார்.

"வலிக்குமா டாக்டரய்யா?"

"வலிக்கும் அம்மாச்சி. பத்து எண்ணுறதுக்குள்ள சரியாயிரும்."

மறுநாள் காலையிலும் அழுதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் ஓடவில்லை. "இந்தக் கை வேணாம், அந்தக் கை" என்று தானே நீட்டினான். பிடித்து அமுக்க ஆள் தேவைப்படவில்லை. தட்டணுக்களை விளையாட்டு கூட்டிவிடவில்லை. அவன் பிழைத்தது மருத்துவர்களின் கவனிப்பால். ஆனால் அந்தக் கையை நீட்ட வைத்தது எது?

இது எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நேர்ந்த அதிசயமன்று. 1965-இல் சில்வியா காசெல் என்ற ஆய்வாளர், இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சோதிக்கப்பட இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பொம்மலாட்டப் பொம்மைகளைக் கொண்டு அச்சோதனையை விளையாட்டாக நடத்திக் காட்டினார். அவர்கள் சோதனையின்போது மற்றவர்களைவிடக் குறைவாகவே கலங்கினர்.

கைப்பேசியில் படம் காட்டினால் போதாதா என்பார்கள். குத்தும் அந்த நிமிடத்தில் வலியை மறக்க அதுவும் உதவும்தான். ஆனால் படம் முடிந்ததும் அச்சம் அங்கேயே நிற்கும். கைப்பேசிக் குழந்தை எதையும் கேட்கவும் இல்லை, செய்யவும் இல்லை. "வலிக்காது" என்று பொய் சொல்லுவதோ இன்னும் மோசம். அடுத்த முறை நம் சொல்லைக் குழந்தை ஏன் நம்ப வேண்டும்?

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மருத்துவமனையின் அனுமதி பெற்று ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் குழந்தைகள் வார்டுக்குச் செல்லலாம் என்பது என் விருப்பம். செலவு மிகுதியில்லை. பயன்படுத்திய சிரிஞ்சை மட்டும் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பலர் கைபடும் சொப்புச் சாமான்களைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். துணிப் பொம்மையைக் கட்டிலுக்குக் கட்டில் மாற்றினால் கிருமியும் மாறும். ஆகவே ஒரு குழந்தைக்கு ஒன்று செய்து, வீடு திரும்பும்போது அதனிடமே கொடுத்துவிட வேண்டும். பழஞ்சேலைக்கா நம் வீடுகளில் பஞ்சம்?